எலக்ட்ரிக் கிட்டாரில் இரண்டு கை டேப்பிங் எங்கிருந்து வந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேப்பிங் என்றால் சரியாக என்ன?

கிட்டாரில் வழக்கமாக இடது கை, நெக் எனப்படும் கழுத்துப் பகுதியில், கம்பியை ஃப்ரெட்டில் (குறுக்கே பதித்த மெல்லிய உலோகப் பட்டையில்) அழுத்தும், வலது கை கம்பியை மீட்டும். டேப்பிங்கில் வலது கை மீட்டும் வேலையை விட்டுவிட்டு நெக்கின் மேலேயே வந்துவிடும். விரல் நுனியால் ஒரு ஃப்ரெட்டுக்கு மேல் கம்பியைத் தட்டி அப்படியே அழுத்தினால், அந்தத் தட்டிலேயே சுரம் பிறந்துவிடும். கம்பியை மீட்டும் சிறு வில்லையான பிக் தேவையில்லை.

இதில் புதிதாக ஒன்றும் இல்லை என்றுகூடச் சொல்லலாம். இடது கை விரலால் தட்டி ஒலி எழுப்புவதை ஹேமர்-ஆன் என்றும், அழுத்திய விரலைச் சற்றுச் சுண்டி எடுத்து அடுத்த சுரத்தை ஒலிக்கவிடுவதை புல்-ஆஃப் என்றும் சொல்வோம். எல்லா கிட்டார் மாணவர்களும் முதல் வருடத்திலேயே கற்கும் விஷயங்கள் இவை. இந்த இரண்டையும் வலது கையும் சேர்ந்து செய்தால் அதுதான் இரண்டு கை டேப்பிங்.

இதைக் கண்டுபிடித்தவர் எடி வான் ஹேலன்தானே?

இல்லை. அமெரிக்க ராக் கிட்டார் கலைஞரான அவருடைய முதல் ஆல்பம் 1978 பிப்ரவரியில் வெளிவந்தது. அதற்கு 26 வருடம் முன்பே, 1952-ல், எலக்ட்ரிக் கிட்டாரில் இரண்டு கையாலும் தட்டி வாசிப்பது எப்படி என்று சொல்லித்தரும் பாடநூல் அச்சாகிவிட்டது.

ஆனால் இதைச் சொல்லி எடியைச் சின்னவராக்கும் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. அவர் செய்தது வேறு காரியம், அதுவும் பெரிய காரியம். கீழே அதற்கு வருகிறேன்.

எலக்ட்ரிக் கிட்டாருக்கு முன்பே இப்படி வாசித்தார்களா?

வாசித்தார்கள், பல இடங்களில், ஒருவரை ஒருவர் அறியாமல். துருக்கியின் பாலமா என்ற நீண்ட கழுத்துள்ள நரம்பு வாத்தியத்தில், பிக் இல்லாமல் விரலால் வாசிக்கும் ஷெல்பே என்ற மரபு உண்டு. அதில் வலது கை விரல்களும் கழுத்தின் மேல் வந்து தட்டும் பகுதிகள் இருக்கின்றன. ஐரோப்பாவில் பகானினி வயலினில் வில்லை ஓய்வெடுக்க விட்டு, இடது கை விரலாலேயே கம்பியைச் சுண்டி ஒலி எழுப்பினார். தனி வயலினுக்காக அவர் எழுதிய கப்ரீஸ் என்ற துண்டுகளில் 24-வதில் ஒரு பகுதியே இதற்காக எழுதப்பட்டிருக்கிறது. அது தட்டுவது அல்ல. நம் புல்-ஆஃபுக்கு நெருங்கிய உறவு என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அமெரிக்காவில் ராய் ஸ்மெக் என்ற வித்தைக்காரர் இருந்தார். கிட்டார், பேஞ்சோ, யுகுலேலே எல்லாவற்றிலும் கைதேர்ந்தவர். 1932-ல் எடுக்கப்பட்ட ஒரு குறும்படத்தில் அவர் யுகுலேலேயின் கழுத்தில் இரண்டு கையாலும் தட்டி வாசிப்பதை இன்றும் பார்க்கலாம். வேடிக்கை காட்டும் நிகழ்ச்சியின் ஒரு துணுக்குத்தான் அது. ஆனாலும் கையைக் கூர்ந்து பார்த்தால், செய்வது டேப்பிங் என்பதில் சந்தேகமே வராது.

இவர்கள் எல்லோரையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு கீபோர்டு வாத்தியம், கிளாவிகார்டு. பியானோவுக்கு முந்தையது, 15-ம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் புழங்கியது. அதன் கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு பித்தளைத் தகடு மேலெழுந்து கம்பியைத் தட்டும். தட்டிவிட்டுத் திரும்பாது. கட்டையை அழுத்தியிருக்கும் வரை கம்பியைத் தொட்டுக்கொண்டே நிற்கும். எந்த இடத்தில் தொடுகிறதோ அதுதான் சுரத்தைத் தீர்மானிக்கும். தகட்டின் மறுபக்கம் இருக்கும் கம்பித் துண்டு தேவையில்லாமல் ஒலிக்காதபடி அங்கே துணிப்பட்டை சுற்றியிருப்பார்கள். டேப்பிங் செய்யும் விரல் செய்வதும் இதே வேலைதான்: தட்டுகிறது, நின்று அழுத்துகிறது, சுரத்தையும் முடிவு செய்கிறது.

கிளாவிகார்டின் பலவீனமும் டேப்பிங்கின் பலவீனமும்கூட ஒன்றேதான். ஒலி மிக மெலிது. ஒரு சின்ன அறைக்குள் கேட்கும், சபைக்குக் கேட்காது.

அதனால்தான் எலக்ட்ரிக் கிட்டாருக்காகக் காத்திருக்க வேண்டியிருந்ததா?

ஆமாம், முழுக்க அதுதான் காரணம் என்றே நினைக்கிறேன். பிக்கால் மீட்டும்போது கம்பியை ஒரு பக்கம் நன்றாக இழுத்து விடுகிறோம், அதில் நிறைய சக்தி போகிறது. தட்டும்போது கம்பி ஃப்ரெட்டைத் தொடும் அந்தச் சிறு தூரம்தான் நகர்கிறது. அகூஸ்டிக் கிட்டாரில் இந்தச் சின்ன அதிர்வு மரப்பலகையை அசைத்து அறையை நிரப்புவதற்குள் தேய்ந்துவிடும்.

எலக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப் கம்பிக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கும் காந்தம். கம்பியின் அசைவை அது நேரடியாகப் பிடிக்கிறது. மிச்சத்தை ஆம்ப்ளிஃபையர் பார்த்துக்கொள்ளும்.

அப்புறம் டிஸ்டார்ஷன். ஆம்பை அதன் எல்லைக்கு மேல் முடுக்கினால் ஒலி அலையின் உச்சிகள் வெட்டுப்படும். விளைவு, பலமாக மீட்டிய சுரத்துக்கும் மெலிதாகத் தட்டிய சுரத்துக்கும் இருந்த இடைவெளி சுருங்கிவிடும். மீட்டியது எது, தட்டியது எது என்று காதுக்குத் தெரியாது. கூடவே ஒலி நீண்ட நேரம் நிற்கும். 1970-களில் ராக் கிட்டார் கலைஞர்கள் பலரும் ஒரே காலகட்டத்தில் டேப்பிங்கில் போய் முட்டியதற்கு இது பெரிய காரணம். எல்லோருடைய ஆம்பும் அந்த நிலைக்கு வந்திருந்தது.

கம்பியும் மாறியிருந்தது. 1950-களில் கிட்டாரில் போடும் கம்பிகள் தடிமனானவை. 1962-ல் எர்னி பால் ஸ்லிங்கி என்ற மெல்லிய கம்பிகளைக் கொண்டுவந்த பிறகு, விரலால் தட்டுவதும் சுண்டுவதும் பல மடங்கு எளிதாயின.

1952-ல் பாடநூல் என்றீர்களே, எழுதியவர் யார்?

ஜிம்மி வெப்ஸ்டர். இந்தப் பக்கத்தில் ஒரே ஒருவரைப் பற்றி மட்டும் எழுதச் சொன்னால் இவரைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

கதை இவருக்கும் கொஞ்சம் முன்னால் தொடங்குகிறது. ஒஹையோ மாநிலத்தின் டொலிடோவில் ஹாரி டிஆர்மண்ட் என்பவர் பிக்கப் தயாரித்து வந்தார். கிட்டாரில் தனியாகப் பொருத்திக்கொள்ளும் பிக்கப்பை முதலில் வணிகமாக்கியவர்களில் அவரும் ஒருவர். தன் பிக்கப் எவ்வளவு நுட்பமாகப் பிடிக்கிறது என்று வாடிக்கையாளர்களுக்குக் காட்ட வேண்டும் இல்லையா? மீட்டாமல் கம்பியை விரலால் தொட்டு வாசித்துக் காட்டுவார். இவ்வளவு லேசாகத் தொட்டாலே இப்படிக் கேட்கிறதென்றால் பிக்கப்பின் தரத்துக்கு வேறு சாட்சி வேண்டாம். ஒரு விற்பனை உத்தியாகத்தான் அது இருந்தது.

அதைப் பார்த்த நண்பர் வெப்ஸ்டர் அதை ஒரு முறையாகவே வளர்த்தார். அவர் கிரெட்ச் கிட்டார் நிறுவனத்தின் முகமாக இருந்தவர். ஊர் ஊராகப் போய் அவர்களுடைய கிட்டார்களை வாசித்துக் காட்டுவார். பியானோ ட்யூனிங் தொழிலும் தெரிந்தவர். அவருடைய வாசிப்பில் பியானோ புத்தி தெளிவாகத் தெரியும்: இடது கை கீழ்ச் சுரக் கம்பிகளில் பேஸும் (தாழ்ந்த சுரங்கள்) கார்டும் (பல சுரங்கள் சேர்ந்த தொகுப்பு) தட்டும், அதே சமயம் வலது கை மேல் சுரக் கம்பிகளில் மெட்டைத் தட்டும். ஒரே ஆள் இரண்டு பேர் போல வாசிப்பார். 1952-ல் வந்த அவருடைய டச் மெத்தட் என்ற நூல் இதைத்தான் படிப்படியாகக் கற்றுத்தந்தது. டிஆர்மண்டிடமிருந்து எடுத்துக்கொண்டதை அவர் மறைக்கவும் இல்லை. 1959-ல் ஆர்சிஏ வெளியீடாக இந்த முறையில் ஒரு முழு ஆல்பமும் பதிவு செய்தார்.

இன்னொரு விஷயம். 1958-ல் கிரெட்ச் ஒரு ஸ்டீரியோ கிட்டார் கொண்டுவந்தது, வெப்ஸ்டரின் யோசனைதான். அதில் பிக்கப்பை இரண்டாகப் பிரித்து, கீழ் மூன்று கம்பிகளின் ஒலி ஒரு ஆம்புக்கும் மேல் மூன்று கம்பிகளின் ஒலி இன்னொரு ஆம்புக்கும் போகும்படி செய்தார்கள். சாதாரணமாக வாசிப்பவருக்கு இது எதற்கு என்றே புரியாது. இடது கையில் பேஸ், வலது கையில் மெட்டு என்று தட்டுகிறவருக்கு மட்டும், மேடையின் இரண்டு பக்கத்திலும் இரண்டு வாத்தியங்கள் நிற்கும். தன் வாசிப்பு முறைக்காக வாத்தியத்தையே மாற்றியமைத்த மனிதர் அவர்.

அப்படிப்பட்டவர் ஏன் இவ்வளவு மறந்துபோனார்?

அவர் வாசித்தது அந்தக் காலத்து மென்மையான மெல்லிசை. டிஸ்டார்ஷன் இல்லாத சுத்தமான ஒலி. சரியாக அந்த நேரத்தில்தான் இளைஞர்கள் ராக் அண்ட் ரோல் பக்கம் ஓடினார்கள். அவர்கள் கேட்ட கிட்டாரும் வெப்ஸ்டரின் கிட்டாரும் வேறு வேறு உலகம். போதாததற்கு, அவருடைய முறையை ஒருவர் கற்க வேண்டுமானால் பியானோ கற்பதுபோல இரண்டு கையையும் தனித்தனியாகப் பழக்க வேண்டும். அதற்குப் பொறுமை உள்ளவர்கள் பியானோவே கற்றுக்கொள்வார்கள். அவர் 1978-ல் இறந்தார். எடியின் முதல் ஆல்பம் வந்த அதே வருடம்.

இந்த முறைக்கென்றே தனி வாத்தியம் செய்தார்களாமே?

இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். முதலில் டேவ் பங்கர். வெப்ஸ்டர் முறையில் தொடங்கிய இவர், ஒரே கிட்டாரில் இரண்டு கைகளும் ஒன்றோடொன்று இடித்துக்கொள்கின்றன என்று பார்த்து, இரண்டு நெக் உள்ள கிட்டாரைச் செய்தார். ஒரு கைக்கு ஒரு நெக். 1961-ல் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றார்.

இரண்டாமவர் எம்மெட் சாப்மேன். லாஸ் ஏஞ்சலீஸில் வாழ்ந்த ஜாஸ் கிட்டார் கலைஞர், ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் தாக்கத்தில் இருந்தவர். அவர் கையில் இது பிறந்த தேதியே தெரியும்: 1969 ஆகஸ்ட் 26. அன்று அவர் கண்டது ஒரு சின்ன கோண மாற்றம். அதுவரை டேப்பிங் செய்தவர்களின் வலது கை, மீட்டும்போது இருக்கும் அதே நிலையில்தான் நெக்குக்கு வந்தது. விரல்கள் கம்பிகளோடு ஏறக்குறைய ஒரே திசையில் கிடக்கும். அதனால் ஒன்றோ இரண்டோ விரல்தான் வசதியாகத் தட்டும். சாப்மேன் கிட்டாரின் கழுத்தை மேலே நிமிர்த்தி, வலது கையை நெக்கின் மறுபக்கத்திலிருந்து, கம்பிகளுக்குக் குறுக்கே கொண்டுவந்தார். இப்போது வலது கையின் நான்கு விரல்களும் இடது கையைப் போலவே ஃப்ரெட்டுக்கு ஒன்றாக வரிசையில் நின்றன. இரண்டு கைக்கும் சம உரிமை.

இப்படி வாசிக்க சாதாரண கிட்டார் போதவில்லை. தட்டுவதற்காகவே ஒரு நீளப் பலகை போன்ற வாத்தியத்தைச் செய்தார். உடல் என்று தனியாக ஒன்றும் கிடையாது, முழுக்க நெக்தான். இடுப்பு பெல்ட்டில் ஒரு கொக்கியால் மாட்டி, ஏறக்குறைய செங்குத்தாக வைத்துக்கொள்ள வேண்டும். 1974-லிருந்து சாப்மேன் ஸ்டிக் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது, பத்துக் கம்பிகளோடு. பீட்டர் கேப்ரியல், கிங் கிரிம்ஸன் பாடல்களில் டோனி லெவின் வாசிப்பதைக் கேட்டிருந்தால் ஸ்டிக்கின் ஒலி உங்களுக்கு ஏற்கெனவே பழக்கம்.

இத்தாலிய டாக்டர் ஒருவர் 1965-லேயே டேப்பிங் செய்யும் வீடியோ சுற்றுகிறதே, உண்மையா?

உண்மைதான். அவர் பெயர் விட்டோரியோ கமார்டேசே. தொழில்முறை இசைக்கலைஞர் அல்ல, கதிரியக்க மருத்துவர். 1965-ல் இத்தாலியின் ராய் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில், நைலான் கம்பி கிட்டாரில் இரண்டு கையாலும் தட்டி வாசித்தார். ஆம்ப் இல்லை, டிஸ்டார்ஷன் இல்லை. அதை வைத்துக்கொண்டு அவ்வளவு தெளிவாக வாசித்தது பெரிய விஷயம். ஆனால் அவருக்குப் பின்னால் ஒரு பரம்பரை உருவாகவில்லை. அமெரிக்க, பிரிட்டிஷ் ராக் கலைஞர்கள் அவரைப் பார்த்துக் கற்றார்கள் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை.

ராக் இசையில் முதலில் கொண்டுவந்தவர் யார்?

ஒற்றைப் பெயர் சொன்னால் சண்டை வரும். ஆனால் பதிவுகளை வைத்துப் பார்த்தால் ஜெனிஸிஸ் குழுவின் ஸ்டீவ் ஹாக்கெட்டுக்கு வலுவான வழக்கு இருக்கிறது. 1971-ல் வந்த நர்ஸரி க்ரைம் ஆல்பத்தில் ராட்சதச் செடியைப் பற்றிய பாட்டு ஒன்று உண்டு, தி ரிட்டர்ன் ஆஃப் தி ஜயன்ட் ஹாக்வீட். அதன் தொடக்கத்தில் இருப்பது டேப்பிங்தான். 1973-ல் வந்த டான்ஸிங் வித் தி மூன்லிட் நைட் பாட்டில் இன்னும் வேகமாகச் செய்கிறார். பழைய ஐரோப்பிய இசையமைப்பாளர் பாக்கின் டொகாட்டா என்ற ஆர்கன் இசைத் துண்டில் வரும் ஒரு துணுக்கை ஒரே கம்பியில் வாசிக்கப் பார்த்தபோது வந்த யோசனை இது என்று ஹாக்கெட் சொல்லியிருக்கிறார். நியாயமாகத்தான் இருக்கிறது. அவ்வளவு தூரம் தாவும் சுரங்களை ஒரே கம்பியில் வாசிக்க இன்னொரு கையை வரவழைப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

அதே காலத்தில் லாஸ் ஏஞ்சலீஸில் ஹார்வி மேண்டல். அவருடைய 1973 ஆல்பமான ஷாங்கிரனேடில் டேப்பிங் நிறைய இருக்கிறது. அவர் அதைத் தன்னோடு ஒரே குழுவில் வாசித்த ராண்டி ரெஸ்னிக்கிடம் பார்த்து எடுத்துக்கொண்டவர். இதே வருடம் இஸட்இஸட் டாப் குழுவின் பில்லி கிப்பன்ஸும் ஒரு சோலோவில் (கிட்டார் முன்னால் வந்து தனித்து ஒலிக்கும் பகுதியில்) லேசாகத் தொட்டுப் போகிறார். 1977-ல் குயீன் குழுவின் பிரையன் மே, இட்ஸ் லேட் பாட்டில். ஆக, 1978-க்கு முன்பே இந்த விதை பல தோட்டத்தில் முளைத்திருந்தது.

எடி வான் ஹேலனுக்கு இது யாரிடமிருந்து வந்தது?

அவரே பல பேட்டிகளில் சொன்ன பதில்: ஜிம்மி பேஜ். அவர் கிட்டார் வாசித்த லெட் செப்பலின் குழுவின் ஹார்ட்பிரேக்கர் பாட்டில், மற்ற வாத்தியங்கள் எல்லாம் நின்றுபோக பேஜ் மட்டும் தனியாக வாசிக்கும் ஒரு பகுதி உண்டு. அதில் அழுத்திய விரலை எடுத்து எடுத்து, எந்த விரலும் அழுத்தாத திறந்த கம்பிக்கு வேகமாகப் புல்-ஆஃப் செய்வார். அதைக் கச்சேரியில் பார்த்த எடிக்குத் தோன்றியது: திறந்த கம்பி என்பது நெக்கின் நுனியிலிருக்கும் நட் வரைக்குமான கம்பிதானே? இடது கை விரலை ஓரிடத்தில் ஊன்றினால் அதுவே புது நட். மேலே சுரத்தைத் தட்ட வலது கை இருக்கிறது. இப்போது அந்த நட்டை நெக் முழுக்க நகர்த்திக்கொண்டே போகலாமே!

எனக்கு இந்த விளக்கம் பிடிக்கும், ஏனென்றால் அவர் வாசிப்பைக் கேட்டால் அது பொருந்துகிறது. வெப்ஸ்டரும் சாப்மேனும் இரண்டு கையையும் பியானோ போலப் பிரித்தார்கள். எடியின் டேப்பிங் அப்படி இல்லை. ஒரே கம்பியில், ஒரே மெட்டில், இரண்டு கையும் சேர்ந்து ஒரு நீண்ட புல்-ஆஃப்.

ஆனால் வேறு சாட்சியும் உண்டு. டோக்கன் குழுவின் ஜார்ஜ் லிஞ்ச், தானும் எடியும் 70-களில் லாஸ் ஏஞ்சலீஸின் ஸ்டார்வுட் கிளப்பில் ஹார்வி மேண்டல் டேப்பிங் செய்வதைப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். இரண்டும் உண்மையாக இருக்க முடியும். ஒருவரிடம் பார்த்த கை அசைவு ஓரிடத்தில் தங்கியிருக்கும், இன்னொருவரிடம் கேட்ட ஒலி அதற்கு அர்த்தம் கொடுக்கும். கைவித்தைகள் கலைஞர்களிடையே இப்படித்தான் பரவுகின்றன.

எரப்ஷனில் அப்படி என்ன இருக்கிறது?

எடியின் முதல் ஆல்பத்தில் வரும் தனி கிட்டார் துண்டு அது, 1 நிமிடம் 42 விநாடி. ஹாலிவுட்டின் சன்செட் சவுண்ட் ஸ்டூடியோவில் 1977-ல் பதிவானது. ஆல்பத்தில் போடும் திட்டமே இல்லை. மேடைக்கு முன் கை சூடேற்ற எடி வாசித்துக்கொண்டிருந்ததைத் தயாரிப்பாளர் டெட் டெம்பிள்மேன் கேட்டு, அது என்ன என்று விசாரித்து, பதிவு செய்யச் சொன்னார். பொறியாளர் டான் லாண்டி.

இப்போது அந்த டேப்பிங் பகுதிக்கு வருவோம். முதல் பாதியில் அது வராது. எஞ்சியிருக்கும் நேரத்தில்தான் வருகிறது. இரண்டாவது கம்பியில், அதாவது பி கம்பியில், இடது கை 2-வது ஃப்ரெட்டையும் 5-வது ஃப்ரெட்டையும் பார்த்துக்கொள்கிறது. வலது கை விரல் 9-வது ஃப்ரெட்டில் தட்டும், உடனே சுண்டி விலகும், 2 ஒலிக்கும், சுண்டுவிரல் 5-ல் தட்டும், மறுபடி 9. இந்த மூன்று சுரமும் சேர்ந்தால் சி ஷார்ப் மைனர் கார்டு. கிட்டார் அரை சுரம் இறக்கிக் கட்டப்பட்டிருப்பதால் நம் காதில் விழுவது அதற்கு அரை சுரம் கீழே. வலது கை விரலை ஒரே ஒரு ஃப்ரெட் தள்ளி 10-ல் தட்டினால் போதும், இடது கை அசையாமலேயே அது ஏ மேஜராக மாறிவிடும். ஒரு விரல் ஒரு ஃப்ரெட் நகர்ந்ததில் இருட்டான கார்டு வெளிச்சமாகிவிடுகிறது.

எரப்ஷனின் உயிர் இதில்தான் என்பது என் கருத்து. பலர் அதில் வேகத்தை மட்டும் கேட்கிறார்கள். ஹாக்கெட்டும் மேண்டலும் வேகமாகச் செய்தவர்கள்தான். ஆனால் எடி டேப்பிங்கில் கார்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக நகர்த்தி, துணை வாத்தியம் எதுவும் இல்லாமலேயே ஒரு கதை சொன்னார். ஆர்கனில் பாக் கேட்பது போன்ற உணர்வு வருகிறதென்றால் அதனால்தான். அதுவரை ஒரு சோலோவின் நடுவே மின்னி மறைந்த அலங்காரம், அங்கே சோலோவின் முடிவாக, உச்சமாக நின்றது.

ஒலியையும் சொல்ல வேண்டும். பல பாகங்களை வாங்கித் தானே சேர்த்துக் கட்டிய கிட்டார், அதன் பிரிட்ஜ் (உடலில் கம்பிகள் ஊன்றும் இடம்) பக்கம் பழைய கிப்ஸன் கிட்டாரிலிருந்து எடுத்த ஹம்பக்கர் என்ற வகைப் பிக்கப், முழுச் சத்தத்தில் மார்ஷல் ஆம்ப், எக்கோ. தட்டிய சுரம் மீட்டிய சுரத்துக்குக் கொஞ்சமும் இளைக்காமல் வந்தது இதனால்தான்.

மேடையில் முதுகைக் காட்டி வாசித்தாராமே?

ஆல்பம் வருவதற்கு முன், கிளப்களில் வாசித்த நாட்களில் அப்படிச் செய்திருக்கிறார். அந்தப் பகுதி வரும்போது திரும்பி நின்றுகொள்வார். தங்கள் பதிவு வருவதற்குள் வேறு யாராவது எடுத்துக்கொண்டு போய்விடக்கூடாது என்று அண்ணன் அலெக்ஸ் சொன்ன யோசனை. வந்த பிறகு நடந்ததைப் பார்த்தால் அந்தப் பயம் நியாயமானதே. இரண்டு மூன்று வருடத்துக்குள் அமெரிக்காவில் எந்த ஹார்டு ராக் சோலோவும் டேப்பிங் இல்லாமல் முடியவில்லை.

எடி டேப்பிங்குக்குக் காப்புரிமை வாங்கினார் என்பது சரியா?

டேப்பிங்குக்கு இல்லை. ஒரு விரலசைவுக்கு யாரும் காப்புரிமை வாங்க முடியாது. அவர் 1987-ல் பெற்றது ஒரு கருவிக்கு: கிட்டாரின் முதுகில் மடிந்திருக்கும் ஒரு தகடு. அதை விரித்தால் கிட்டார் வயிற்றருகே மேசை போலப் படுத்த நிலையில் நிற்கும், இரண்டு கையும் மேலிருந்து நெக்கைத் தொடலாம். விண்ணப்பத்தோடு இருந்த படத்தில் ஒருவர் அப்படி வாசித்துக்கொண்டு நிற்பார். அந்தப் படம் இணையத்தில் பிரபலமானதால் இந்தத் தவறான தகவலும் கூடவே பரவிவிட்டது.

எடிக்குப் பிறகு?

அவரே நிற்கவில்லை. 1979-ல் ஸ்பானிஷ் ஃப்ளை என்ற துண்டில் நைலான் கம்பி கிட்டாரிலேயே டேப்பிங் செய்துகாட்டினார். 1982-ல் மைக்கேல் ஜாக்சனின் பீட் இட் பாட்டுக்கு அவர் வாசித்த சோலோ வழியாக, ராக் பக்கமே வராதவர்கள் காதிலும் டேப்பிங் விழுந்தது. நம்மில் பலரும் பெயர் தெரியாமலே முதலில் கேட்ட டேப்பிங் அதுவாகத்தான் இருக்கும். ஜாக்சனின் மேடைகளில் பின்னர் அதை வாசித்த ஜெனிஃபர் பேட்டன், வலது கையின் எல்லா விரல்களையும் பயன்படுத்தி டேப்பிங்கை இன்னும் விரித்தவர்.

அகூஸ்டிக் கிட்டாரில் மைக்கேல் ஹெட்ஜஸ் 1984-ல் ஏரியல் பவுண்டரீஸ் மூலம் வேறொரு கதவைத் திறந்தார். பேஸ் கிட்டாரில் பில்லி ஷீஹன். அவரும் பால் கில்பர்ட்டும் ஒரே நேரத்தில் தட்டுவதைக் கேட்க மிஸ்டர் பிக் குழுவின் முதல் ஆல்பத்தின் முதல் பாட்டே போதும்.

ஸ்டான்லி ஜோர்டன் செய்வதும் இதுதானா?

விரல் செய்வது அதே வேலை, ஆனால் வம்சாவளி வேறு. அவர் எடியின் வழியில் வந்தவர் அல்ல, வெப்ஸ்டர் போன பாதையில் நிற்பவர். சிறு வயதில் பியானோ கற்றுப் பிறகு கிட்டாருக்கு வந்தவர். பியானோவில் கிடைத்த சுதந்திரம் கிட்டாரிலும் வேண்டும் என்று தேடி இங்கே வந்து சேர்ந்தார். எல்லாக் கம்பிகளுக்கும் இடையே ஒரே அளவு இடைவெளி இருக்கும்படி, அதாவது நான்காம் சுர இடைவெளியில், கம்பிகளைக் கட்டுகிறார். ஒரு கார்டின் வடிவம் நெக்கில் எங்கே போனாலும் மாறாது என்பதால், இரண்டு கையும் தனித்தனியாக யோசிக்கும்போது இது பெரிய உதவி.

நியூயார்க் தெருவோரங்களில் வாசித்துக்கொண்டிருந்த அவருடைய மேஜிக் டச் ஆல்பம் 1985-ல் ப்ளூ நோட் வெளியீடாக வந்து, பில்போர்டின் ஜாஸ் பட்டியலில் 51 வாரம் முதலிடத்தில் இருந்தது. டிஸ்டார்ஷன் இல்லாத சுத்தமான ஒலியில், பேஸும் கார்டும் மெட்டும் ஒரே ஆளிடமிருந்து. வெப்ஸ்டர் 33 வருடம் முன்பு எழுதிவைத்ததற்குக் கிடைத்த பதில் அது. இன்று கோவெட் குழுவின் இவெட் யங் போன்றவர்கள் தட்டும்போதும் இந்தப் பியானோ வழித்தடம்தான் கேட்கிறது. அவரும் பியானோவில் தொடங்கியவரே.

நானும் முயன்று பார்க்கலாமா?

தாராளமாக. பி கம்பியில் இடது கை சுட்டுவிரலை 5-வது ஃப்ரெட்டில் வையுங்கள், சுண்டுவிரல் 8-க்கு. வலது கை நடுவிரலால் 12-ல் தட்டி, விரலைச் சற்றுக் கீழ்ப்பக்கமாகச் சுண்டி எடுங்கள், 5 ஒலிக்கும், பிறகு 8-ல் தட்டுங்கள். இது ஈ மைனர். பிக்கை வழக்கம்போல் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலேயே வைத்துக்கொள்ளலாம். எடி பிக்கை நடுவிரலோடு பிடிப்பவர், அதனால் அவருக்குச் சுட்டுவிரல் தட்டுவதற்குக் கிடைத்தது.

விரலை நேராக மேலே தூக்கினால் 5-வது ஃப்ரெட் சுரம் செத்துப்போகும். புதிதாகக் கற்பவர்களுக்கு வரும் சிக்கலில் முக்கால்வாசி இதுதான். தட்டும் இடமும் முக்கியம்: ஃப்ரெட்டுக்கு நடுவில் அல்ல, ஃப்ரெட் கம்பிக்குச் சற்றுப் பின்னால், ஒட்டி.

டிஸ்டார்ஷனை முதலில் குறைத்தே வையுங்கள். கூட்டினால் தப்புகள் மறைந்துவிடும், கை கற்காது. மற்ற கம்பிகள் தானாக ஒலித்துத் தொல்லை கொடுத்தால், முடி கட்டும் ஒரு துணி ரப்பர் பேண்டை நெக்கின் நுனியில், நட்டுக்குப் பக்கத்தில் சுற்றிவிடுங்கள். கிளாவிகார்டின் துணிப்பட்டை செய்த அதே வேலையைச் செய்யும். இன்று பெரிய கலைஞர்கள் பலருடைய கிட்டாரிலும் இதைப் பார்க்கலாம். நகம் நீளமாக இருந்தால் வெட்டிவிடுங்கள்.

கேட்கத் தொடங்க வேண்டுமானால் எந்த வரிசையில் கேட்பது?

முதலில் ராய் ஸ்மெக்கின் யுகுலேலே காட்சியைப் பார்த்துவிடுங்கள், சில விநாடிகள்தான். அப்புறம் ஜிம்மி வெப்ஸ்டரின் 1959 ஆல்பத்திலிருந்து ஏதாவது ஒன்று. இரண்டு பேர் வாசிப்பதாகத் தோன்றும், ஒருவர்தான். பிறகு ஹாக்கெட்டின் 1971 பதிவு, ஹார்ட்பிரேக்கரில் பேஜின் தனிப் பகுதி, உடனே எரப்ஷன். பேஜையும் எடியையும் அடுத்தடுத்துக் கேட்பது முக்கியம். திறந்த கம்பி எப்படி நகரும் கம்பியானது என்பது அப்போது காதுக்கே பிடிபடும். கடைசியாக ஸ்டான்லி ஜோர்டன் வாசித்த எலினார் ரிக்பி. அதை முதல் தடவை கண்ணை மூடிக் கேளுங்கள், இரண்டாம் தடவை மேடை வீடியோவில் அவருடைய வலது கையை மட்டும் பாருங்கள்.